முகாமிலிருந்து பார்த்த அரகலய

2022 ஜூலை 9, சனிக்கிழமை. பெயிண்ட் வேலைக்குப் போனவர்களுக்குச் சம்பள நாள். கும்மிடிப்பூண்டி ஈழ அகதிகள் முகாமை ஒட்டிய தேநீர்க்கடையில் ஒருவர் கைப்பேசியைப் பிடித்திருக்க, நாலைந்து பேர் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழும்பு ஜனாதிபதி மாளிகையின் நீச்சல்குளத்தில் இளைஞர்கள் குதித்துக் கும்மாளமிடுகிறார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பிடித்திருந்தவர் மட்டும், நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளைப் பெயிண்ட்டைச் சுரண்டியபடி, "எங்கட பக்கம் இப்பிடிச் சனம் கூடியிருந்தா, ஆமிக்காரன் பாத்துக்கொண்டு நிண்டிருப்பானோ?" என்றார்.

அரகலய எனப்பட்ட, இலங்கையின் 2022 மக்கள் எழுச்சியை எடைபோட்ட கட்டுரைகள் பலவற்றைப் படித்துவிட்டேன். இந்தக் கேள்வியைத் தாண்டிப்போகாமல் நின்று பதில் சொன்னவை குறைவு.

அப்போது பலரும் கெய்ரோவின் தஹ்ரிர் சதுக்கத்தைத்தான் உவமைக்கு இழுத்தார்கள். அது அவ்வளவாகப் பொருந்தாது. எகிப்தில் 2011 பிப்ரவரியில் முபாரக் போனார். 2013 ஜூலையில், தேர்தலில் வென்று வந்த முர்சியை இராணுவம் இறக்கியது. அடுத்த மாதமே ராபா சதுக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் சுடப்பட்டுச் செத்தார்கள். அங்கே கடைசிச் சொல் எப்போதும் படையினுடையது. நமக்கு உதவுவது துனிசியா. தள்ளுவண்டி வியாபாரி ஒருவர் தீக்குளித்ததில் தொடங்கி, 23 ஆண்டு ஆண்ட பென் அலியை ஒரே மாதத்தில் விரட்டிய நாடு. 2014இல் நல்லதொரு அரசியல் சட்டத்தையும் எழுதிக்கொண்டது. ஆனால் 2021 ஜூலையில் ஜனாதிபதி கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார். இலங்கை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடிய அதே 2022 ஜூலையில், அதிகாரத்தைத் தன் கையில் குவிக்கும் புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பும் நடத்தி முடித்தார். அந்த டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஒன்பதில் ஒருவர்தான் வாக்களித்தார். வாக்குச்சீட்டு இருந்தது, நம்பிக்கைதான் போய்விட்டது.

இலங்கை ஏன் அந்த வழியில் போகவில்லை? போராட்டக்காரர்களுக்கே எரிச்சலூட்டிய ஒரு விதியைத்தான் காரணமாகச் சொல்வேன். ஜனாதிபதி இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கு நாடாளுமன்றம் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் என்பது 1978 அரசியலமைப்பு. அதன்படி 134 வாக்குகளோடு வந்து உட்கார்ந்தவர், 2020 தேர்தலில் தன் தொகுதியிலேயே தோற்று, கட்சிக்குக் கிடைத்த ஒற்றைத் தேசியப் பட்டியல் ஆசனத்தில் உள்ளே வந்த ரணில் விக்கிரமசிங்க. பதவியேற்ற மறுநாள் நள்ளிரவு தாண்டியதும் போராட்டக்காரர்கள் கூடாரமடித்திருந்த காலிமுகத்திடலுக்குள் படையை அனுப்பினார். உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் பின்னால் சொன்னது. இத்தனை கோணல் இருந்தும், அதே அரசியலமைப்பு குறித்த தவணையில் ஜனாதிபதித் தேர்தல் வந்தே தீர்ந்தது. 2019இல் மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டிய அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் வென்றார். நவம்பரில் நாடாளுமன்றத்தில் அவர் கூட்டணிக்கு 225இல் 159 இடம். 1931இலேயே எல்லாருக்கும் வாக்குரிமை பெற்று, பின்னர் வாக்குச்சீட்டால் அரசுகளை ஏற்றியும் இறக்கியும் பழகிய மக்களுக்கு, மாளிகைக்குள் புகுந்ததைவிட அந்த இரண்டாண்டுக் காத்திருப்புதான் பெரிய சாதனை. இந்த அளவுகோலில் அரகலய துனிசியாவை முந்திவிட்டது. அதில் எனக்குத் தயக்கமில்லை.

தயக்கம் தமிழர் வாழும் வடக்கைப் பற்றியது. வடக்கு ஒதுங்கி நின்றது, அதற்கு அக்கறையில்லை என்ற பேச்சு தெற்கில் சாதாரணம். அநியாயமான பேச்சு. காலிமுகத்திடலில் கூடாரம் எழுவதற்கு ஐந்தாண்டு முன்பே, 2017 பிப்ரவரியிலிருந்து, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஒதுங்கி நின்றது யார்?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி, போரின் கடைசி நாட்களில் கொல்லப்பட்ட தமிழரைச் சிங்கள இளைஞர்களும் நின்று நினைவுகூர்ந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கற்பனைகூடச் செய்ய முடியாத காட்சி. ஆனால் அது கோரிக்கையாக மாறவில்லை. காணி, காணாமல் போனோர், மாகாண அதிகாரம் எதுவும் 'கோட்டா கோ ஹோம்' என்ற முழக்கத்துக்குள் அடங்கவில்லை. ஒரே முழக்கம் கூட்டத்தைச் சேர்த்தது. கணக்கை ராஜபக்ச குடும்பத்தின் ஊழலோடு முடித்தும் வைத்தது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இது பச்சையாகத் தெரியும். 1979இல் வந்த அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று உண்டு. அதன் கீழ் தமிழ் இளைஞர்கள் அள்ளிச் செல்லப்பட்ட காலத்தில் தெற்கு பெரிதாக அசையவில்லை. 2022 ஆகஸ்டில் அதே சட்டம் சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகே மீது பாய்ந்தபோது கொழும்பு கொதித்தது. ஒழிப்போம் என்று சொல்லி வென்றவர்களின் ஆட்சியிலும், 2025இல், அந்தச் சட்டத்தில் கைதுகள் நடந்தன. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றை அநுரவின் கூட்டணிக்குக் கொடுத்த வடக்கு, 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் பக்கம் திரும்பியதை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அரகலய ஆள்பவரை மாற்றிய எழுச்சி, முழு வெற்றி. அரசின் குணத்தை மாற்றிய எழுச்சியா என்றால், இல்லை. அந்த வேலையை அது தொடங்கவே இல்லை.

அதே தேநீர்க்கடையில் அந்தப் பெயிண்டரை 2024 செப்டம்பரில் மறுபடி பார்த்தேன். யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பீர்கள் என்று கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது. 1990இல் கைக்குழந்தையாய்ப் படகேறியவர். அங்கே வாக்காளர் பட்டியலில் பெயரில்லை. ஏப்ரலில் திருவள்ளூர் தொகுதிக்கு நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது இங்கேயும் இல்லை. "ரெண்டு நாளும் வேலைக்குப் போனன்" என்றார். "ஏப்ரல்ல ஆள் கிடைக்கேல்ல எண்டு அம்பது ரூபா கூடத் தந்தவை."