ஊர் திரும்பாதவன் கதை: ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’

மதுரையைச் சூழ்ந்த வறண்ட சமவெளியிலிருந்து கடல் கடந்து பிழைக்கச் சென்றோர் பலர். அவர்களுடைய வாழ்வை ஆழ்ந்து நோக்கிய தமிழ் நாவல்கள் மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது ப. சிங்காரம் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’. 1920இல் சிங்கம்புணரியில் பிறந்த ஆசிரியர், இளமையிலேயே இந்தோனேசியாவின் மெடான் நகருக்குச் சென்றார். அங்கே பிரசவத்தின்போது மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார். போருக்குப் பின் தாயகம் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் பணியாற்றினார். ஒய்.எம்.சி.ஏ. விடுதியிலே நெடுங்காலம் தனியராய் வாழ்ந்து 1997இல் மறைந்தார். இந்நாவல் எழுதப்பெற்றுப் பல்லாண்டுகள் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1972இல் நூலுருப் பெற்றது.

ஜப்பானியப் படை மெடானில் நுழைவதோடு கதை தொடங்குகிறது. வட்டிக்கடைகளின் மேலாட்கள், அடுத்தாட்கள், பெட்டியடிப் பையன்கள், வணிகர், படைவீரர், அகதிகள் எனத் தொடர்பற்ற மனிதர்களைப் போர் ஒரே கயிற்றில் பிணைக்கின்றது. அவர்களிடையே பாண்டியன் நடமாடுகிறான். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான்; இரகசியப் பணிகளில் ஈடுபடுகிறான்; பின்னர் இந்தோனேசிய விடுதலைப் போரில் கொரில்லாவாகிறான். இறுதியில், சொந்த மண்ணை மீண்டும் காணாமலே குண்டடிபட்டு மடிகிறான்.

மர்மக் கதைக்குரிய வேடமும் ஒற்றும் கொலையும் இதில் உண்டு. எனினும் நாவலின் உண்மையான புதிர் வேறு. இத்துணைத் திறம் படைத்தவன் ஏன் ஊர் திரும்ப முடியவில்லை? கப்பலும் பணமும் இல்லாமையே காரணமாகுமாயின் விடை எளிது. ஆனால் அவன் நினைவில் சுமக்கும் மதுரை வீதிகள் அவனுடைய இளமைக் காலத்தவை. அவன் விட்டுவந்த ஊர் அப்படியே அவனுக்காகக் காத்திருக்கவில்லை. இழப்பு என்பது இங்கே ஒருநாளில் நிகழும் சம்பவமாகாது. பல்லாண்டுகள் சிறிது சிறிதாக நிகழ்வதாகும்.

குறைகளும் உள. பாண்டியனின் வீரச் செயல்கள் சில நம்பகத்தன்மையை மீறுகின்றன. பெண்கள் பெரும்பாலும் ஆடவரின் நினைவிலும் நுகர்விலும் மட்டுமே தோன்றுகின்றனர். ஊரில் காத்திருந்த மனைவியரும் தாய்மாரும் என்ன இழந்தனர் என்பதை நாவல் போதிய அளவு வினவவில்லை.

அவ்வினாவை எழுப்பும் நூல் நம் கையிலேயே உண்டு. பஞ்சத்தால் மோவாபுக்குச் சென்ற எலிமெலேக்கின் குடும்பத்தில், கணவனையும் இரு மைந்தரையும் புதைத்துவிட்டுத் திரும்பியவள் நகோமி. அவளுடைய கசப்பை ரூத்தின் ஆகமம் மறைக்கவில்லை. நாமோ பிரசங்க பீடத்திலிருந்து, “இவ்வுலகில் நாம் பரதேசிகள்” என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். வளைகுடா நாடுகளிலும் பிறவிடங்களிலும் பிழைக்கச் சென்றோரின் குடும்பங்கள் நம் ஆலயங்களில் அமர்ந்திருக்கும்போது, அச்சொல்லின் விலையை அறிந்து சொல்லவேண்டுமன்றோ?

பாண்டியனின் மரணத்திற்கு ஆசிரியர் ஆறுதல் எதையும் சேர்க்கவில்லை. நாமும் அவசரப்பட்டுப் பரம தேசத்தைக் காட்டி அவ்வெறுமையை மூடிவிடலாகாது. துக்க வீட்டில் முதலில் அமர்ந்து கேட்பதே போதகரின் கடமை. அதற்கான பயிற்சியாகவும் இறையியல் மாணவர் இந்நாவலைப் பயில்வாராக.