ஏட்டை இகழ்ந்தாரா குணங்குடியார்?

சென்ற ஆவணித் திங்களில் நண்பர் இருவருடன் வத்தல்மலைக்குச் சென்றிருந்தோம். தருமபுரி மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு கூறாக நிற்கும் இம்மலை நெடுங்காலம் ஊர்திப் பாதை காணாதது. இன்று கொண்டை ஊசி வளைவுகள் பலவற்றைக் கடந்து ஊர்திகள் மேலே செல்கின்றன. மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் அங்கே சாமையும் கேழ்வரகும் விளைவிக்கின்றனர். காப்பியும் மிளகும் பயிரிடுகின்றனர்.

அஸர் தொழுகைக்கு நேரம் வந்தபோது மேகம் இறங்கி மலையை மூடிக்கொண்டது. கதிரவன் இருக்கும் இடம் தெரியவில்லை. திசை காட்டும் என நம்பியிருந்த கைப்பேசியும் அலைவரிசை எட்டாமல் கைவிட்டது. சாமைக் கொல்லையில் களை பறித்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவரை வினவினோம். அவர் நிமிர்ந்தும் பாராமல், "ஆவணியிலே பொழுது அந்தப் பாறைக்குப் பின்னாலதாங்க சாயும்" என்று கைநீட்டினார். நம் பகுதியில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருப்பது. ஆகவே அவர் காட்டிய திசைக்குச் சிறிது வலப்புறம் திரும்பி நின்று தொழுதோம்.

தொழுகைக்குப் பின் எழுந்த உரையாடலே இக்கட்டுரைக்குக் காரணம்.

நண்பருள் ஒருவர் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களில் தோய்ந்தவர். "ஈமானுக்கு ஏட்டறிவு எதற்கு? குணங்குடியார் எல்லாவற்றையும் உதறியவர் அல்லரோ?" என்றார். பேச்சு வளர்ந்தபோதுதான், பள்ளி இறுதி வகுப்பில் தேறிய தம் மகளை மேலே படிக்கவிடாமல் நிறுத்திவிட்டார் என்பதை அறிந்தோம். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்ற பழமொழியையும் துணைக்கு அழைத்தார். மற்றவர் விஞ்ஞானம் கற்றவர். "அந்தக் கவலையே வேண்டாம். திருமறை கூறியவற்றையெல்லாம் இன்று விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது, ஈமான் அறிவினால் உறுதியாகிவிட்டது" என்றார். ஒருவர் அறிவை ஈமானுக்குப் பகையாக்கினார். மற்றவர் ஈமானுக்குப் பிணையாளாக்கினார். இரண்டும் பிழை என்பது நம் கருத்து.

முதலில் குணங்குடியாரை எடுத்துக்கொள்வோம். 1792இல் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் தோன்றி, 1838இல் சென்னை இராயபுரத்தில் மறைந்தவர் அப்பெருந்தகை. சுல்தான் அப்துல் காதிர் என்பது இயற்பெயர். கீழக்கரையில் மார்க்கக் கல்வி பயின்ற பின்னரே அவர் துறவு பூண்டார் என்பர் அவர் வரலாறு உரைப்போர். இந்த வரிசையை நம் இரசிகர்கள் பெரும்பாலும் கருதிப் பார்ப்பதில்லை. கல்வியை அடைந்து, அதன் எல்லையைக் கண்டு, அதற்கப்பால் செல்ல விழைந்தவர் அவர். கல்வியின் வாயிற்படியையே மிதியாதவன் அவரைச் சான்று காட்டுவது, செல்வத்தைத் துறந்தவரைக் காட்டிச் சோம்பேறி தன் வறுமைக்குப் பெருமை தேடுவது போன்றதே.

அவருடைய பாடல்களே இதற்கு அகச்சான்று. பராபரக் கண்ணி, றகுமான் கண்ணி, மனோன்மணிக் கண்ணி, முகியித்தீன் சதகம் ஆகியவற்றைப் பொருளுணர்ந்து கற்க முயன்றோர் ஒன்றை அறிவர். அரபுச் சமயச் சொற்களும், சூபி நெறியின் குறியீடுகளும், தமிழ்ச் சித்தர் மரபின் யோகச் சொற்களும் அவற்றில் ஒன்றோடொன்று இழைந்து கிடக்கின்றன. இறைவனைக் காதலியாகப் பாவிக்கும் முறையை அறிய அகத்துறைப் பயிற்சியும் வேண்டும். கல்வியை இகழ்வதற்குச் சான்றாகக் காட்டப்படும் ஒரு நூலைப் புரிந்துகொள்ளவே இத்தனை கல்வி தேவைப்படுகிறது! நண்பர் அப்பாடல்களைச் சுவைப்பதும் தாம் இளமையில் கற்ற தமிழின் துணையால்தான். தமக்கு அச்சுவையைத் தந்த ஏட்டையே மகளுக்கு மறுக்கிறார்.

ஏட்டறிவை எள்ளும் குரல் ஞானப் பாடல் மரபு முழுவதிலும் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அக்குரல் யாரை நோக்கியது? கற்றதைக் கொண்டு பட்டமும் பணமும் தேடி, உள்ளத்தைத் துலக்க மறந்த கல்விமானை நோக்கியது. பாடுபவர் பெரும்பாலும் தம்மையே அக்கல்விமானாக வைத்துப் பழித்துக்கொள்கிறார். தன்னை நோக்கிய பழிப்பைப் பிறர்மேல் ஏவும் அம்பாக மாற்றுவது திறனாய்வு ஆகாது.

இதே பாதையில் முன்னர் நடந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). 1095இல் பக்தாத் நிஜாமிய்யாவின் பேராசிரியர் பதவியைத் துறந்து வெளியேறினார். அத்துறவோடு ஒட்டி விளைந்த பெருநூலே இஹ்யா உலூமித்தீன். அதன் முதற் பகுதி எதைப் பற்றியது? அறிவைப் பற்றியது! பதவியை விட்ட இமாம் அறிவை விடவில்லை; பின்னாளில் நிஷாப்பூரில் மீண்டும் கற்பிக்கவும் அமர்ந்தார்.

நம் உமறுப் புலவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாட அவருக்கு நெஞ்சு நிறைந்த அன்பு இருந்தது. தமிழ்ப் புலமையும் இருந்தது. ஆயினும் வரலாற்றுச் செய்தியை வேண்டிச் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடினார் என்றும், அப்பா அவர்கள் முதலில் இசையாமல் பின்னரே இசைந்தார்கள் என்றும் வழிவழிச் செய்தி கூறுகிறது. அன்பு மட்டும் போதுமென்று அவர் எண்ணியிருந்தால் காத்திருந்திருக்க வேண்டியதில்லை. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட சீறாப்புராணத்தின் பின்னே இந்தக் காத்திருப்பு நிற்கிறது. அதன் நுபுவ்வத்துக் காண்டத்தின் தொடக்கத்தில் ஹிரா மலைக் காட்சி வருகிறது. எழுதப் படிக்கக் கல்லாத நபிக்கு இறங்கிய முதல் கட்டளை ஓதுக என்பதே என்று எண்ணும்போது, ஈமானும் அறிவும் ஒரே குகையில், ஒரே இரவில் பிறந்தவை என்பது விளங்கும்.

இனி விஞ்ஞானம் கற்ற நண்பரின் கூற்றுக்கு வருவோம். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் பெருமானாரின் குழந்தை இபுறாஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. குழந்தையின் மறைவுக்காகவே கதிரவன் ஒளியிழந்தது என்று மக்கள் பேசினர். ஒரு மார்க்கத்தை நிலைநாட்ட இதனினும் வாய்ப்பான நேரம் வேறு உண்டோ? பெருமானாரோ, கதிரும் மதியும் இறைவனின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்றும் அறிவித்து, மக்களைத் தொழுகைக்கு அழைத்தார்கள். துயரத்தின் நடுவிலும் தமக்குச் சாதகமான ஒரு பொய்க்காரணத்தை ஏற்க மறுத்த அந்த உள்ளமே ஈமானின் இலக்கணம்.

தத்துவவாதிகளை மறுத்து எழுதிய தஹாஃபுத்துல் பலாசிபாவின் முன்னுரையில் இமாம் கஸ்ஸாலி இதே செய்தியை நினைவூட்டுகிறார். கணிதம் கொண்டு கிரகணத்தை விளக்குவோரை மார்க்கத்தின் பேரால் மறுப்பவன், மார்க்கத்தை வெளிப்படையாகத் தாக்குபவனைவிட மிகுந்த தீங்கு செய்கிறான் என்பது அவர் கருத்து. அறிவை மறுத்து மார்க்கத்தைக் காக்க முயலும் நண்பருக்கு இது நேர்விடை. அறிவைக் கொண்டு மார்க்கத்துக்கு முட்டுக் கொடுக்க முயலும் நண்பருக்கும் இதில் பாடம் உண்டு. முற்காலத்து உரையாளர் சிலர் ஏழு வானங்களைத் தம் காலத்து வானியல் கூறிய கோள்களின் வட்டங்களோடு பொருத்தினர். அந்த வானியல் இன்று இல்லை, திருமறை இருக்கிறது. இன்றைய கொள்கையோடு நாம் இறுகக் கட்டும் முடிச்சு நாளை நம் பேரரின் கழுத்தை இறுக்கலாம். விஞ்ஞானம் தன்னைத் திருத்திக்கொண்டே செல்லும் முயற்சி. அதுவே அதன் சிறப்பு. அதை அதன் இயல்போடு கற்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

அவ்வாறு கற்றவருள் ஒருவர் அல்பிரூனி. கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாகக் காணும் நோக்குடன் ஊர்களின் இருப்பிடங்களைக் கணித்துத் தனி நூல் செய்தார். நந்தனாக் கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்து, அதன் உச்சியிலிருந்து அடிவானத்தின் தாழ்வைக் கணித்து, பூமியின் அளவையே கண்டார். தொழ நிற்கும் திசை அறிய வேண்டும் என்ற கடமை அவரைக் கணிதத்தின் ஆழத்துக்கு இட்டுச் சென்றது. அவரது ஈமான் வினா எழுப்பியது. அறிவு விடை தேடிச் சென்றது.

நம் அண்மைக் காலத்திலும் சான்றுண்டு. கண்டியில் 1882இல் முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கி, 1885இல் அசன்பே சரித்திரம் தந்த அறிஞர் சித்தி லெப்பை, மெய்ஞ்ஞானப் பொருளில் அஸ்ராறுல் ஆலம் என்னும் நூலும் எழுதினார். பள்ளிக்கூடங்களுக்காகவும் பெண் கல்விக்காகவும் அயராது உழைத்தவரும் அவரே. ஞானமும் பள்ளிக்கூடமும் அவர் உள்ளத்தில் சண்டையிடவில்லை.

இஸ்லாமியத் தமிழிலக்கியத் திறனாய்வாளர்க்கு இங்கே ஒரு பொறுப்பு இருக்கிறது. ஞானப் பாடல்களைப் புகழ்ந்து பேசி முடித்துவிடுகிறோம். அவற்றின் இடமும் நோக்கமும் விளக்குவதில்லை. விளக்கப்படாத பாடல் எவர் கைக்கும் கருவியாகும். மேடையில் நாம் விட்ட குறை, ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் புத்தகத்தை மூடிவிடுகிறது.

மலையிலிருந்து இறங்கும்போது குணங்குடியாரின் அன்பரிடம் ஒன்றே கேட்டோம்: "அந்த முதியவர் கதிரின் போக்கை அறியாதவராக இருந்திருந்தால், இன்று நம் தொழுகை எத்திசை நோக்கியிருக்கும்?" அவர் விடை கூறவில்லை. நெடுநேரம் கழித்து, தருமபுரியின் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது, கல்லூரிச் சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறதா என்று மட்டும் வினவினார். இருக்கிறது என்றோம்.

வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் பயன்தரும் அறிவை அருள்வானாக!