வேப்பம்பூ ரசம்

2021 பங்குனிக் கடைசி. கொரோனாவோடு மாடி அறையில் தனியாகக் கிடந்தேன். காபியும் வெந்நீரும் ஒன்றுதான், மூக்கு செத்துப்போயிருந்தது. ஜன்னலோர வேம்பு மட்டும் ஊர்ப் பீதியைச் சட்டை செய்யாமல் பூத்துத் தள்ளியது. நெல்மணி அளவே பூ, ஐந்து வெள்ளை இதழ். அந்தியில் தேனாக மணக்கும் என்பது ஞாபகத்தில்தான் இருந்தது.

விடிந்தால் தளமெங்கும் உதிர்ந்து கிடக்கும். அம்மா பழைய வேட்டியில் சேர்த்து, காம்பு நீக்கி, வெயிலில் காயவைப்பாள். புத்தாண்டுப் பச்சடிக்குப் போக மிச்சம் ரசத்துக்கு. நெய்யில் சிவக்க வறுத்துக் கடைசியில் தூவ வேண்டும். கண் அசந்தால் கரி. (பச்சடியைவிட ரசத்தில்தான் அதற்கு மரியாதை என்பது என் கட்சி.)

பன்னிரண்டாம் நாள் கதவுக்கு வெளியே தம்ளரை வைத்துவிட்டு, “ஊதிக் குடிடா” என்றாள். முகத்தருகே கொண்டுபோனேன். எங்கோ நாலு வீடு தள்ளிக் காய்ச்சுவதுபோல, லேசாக, நெய்.