விடிய விடிய வள்ளி

போடிமெட்டுக் காற்று இறங்கும் இரவில், கோயில் திருவிழா மேடையில் 'வள்ளி திருமணம்' தொடங்கினால் எழுந்துபோக மனம் வராது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த பாட்டும் வசனமும்தான் அவர்களைச் சேர்த்துக் கட்டும் கயிறு.

1918இல் அவர் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பெண் வேடமும் சிறுவர்களுக்கே. ஜப்பானின் கபுகியிலும் 1629இல் பெண்களுக்குத் தடை வந்தபின் ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். அங்கே அதுவே மரபாக நின்றுவிட்டது. இங்கோ வள்ளியாகப் பெண்களே பாடுகிறார்கள்.

தினைப்புனத் தர்க்கத்தில் வேலனை அவள் மடக்கும்போது ஆர்மோனியமும் சிரிக்கும். அடுத்த திருவிழாவுக்குப் போர்வையோடு வாருங்கள், பாதியில் எழுந்துவிடாதீர்கள்.