பலர் நினைவில் ஒரு பள்ளி

கைவினைப் பள்ளி ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு ஓர் இடர் உண்டு. ஏனைய கல்விக்கூடங்கள் ஏடுகளை விட்டுச் செல்கின்றன. கைவினைப் பள்ளியோ பழகிய கைகளை விட்டுச் செல்கிறது. பாவில் நூல் எத்துணை இறுக்கமாக நிற்க வேண்டும், சூளைக்குள் எந்நிறம் கண்டதும் நெருப்பை அடக்க வேண்டும் என்பனவற்றைச் சேர்க்கைப் பதிவேடு குறித்து வைப்பதில்லை. அக்கைகளுக்குரியோர் மறைந்தால் அந்த அறிவும் உடன் மறைகிறது. ஆதலால் அவர்களைத் தேடிச் சென்று பேசவைத்து, பேச்சை ஒலிநாடாவில் பதிந்து, பின்னர் எழுத்தாக்கும் முறை ஒன்று சென்ற நூற்றாண்டில் வலுப்பெற்றது. அமெரிக்காவின் கலை ஆவணக் காப்பகம் 1958 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. 2000ஆம் ஆண்டில் கைவினைஞர்களுக்கென்றே தனியொரு பேட்டித் திட்டமும் அங்குத் தொடங்கப்பெற்றது.

முறை நல்லதே. எனினும், கேட்டுப் பதிந்தவை யாவும் வரலாறு ஆகிவிடுமா? வட கரோலினா மாநிலத்தின் மலைப்பகுதியில், ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில்லாத இரண்டு பள்ளிகள் இருந்தன. அவற்றைப் பற்றி எழுந்த நூல்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்கிறது.

முதலாவது பென்லண்ட். லூசி மார்கன் என்னும் ஆசிரியை 1920இல் அவ்வூருக்கு வந்தார். 1923இல் கென்டக்கி மாநிலத்துப் பெரியா கல்லூரிக்குச் சென்று கைத்தறி நெசவு பயின்று திரும்பினார். அம்மலையகத்தில் பாட்டிமார் காலத்தோடு அற்றுப்போய்க் கொண்டிருந்த தொழில் அது. தறிகளைச் சுற்றுப்புறப் பெண்களின் வீடுகளில் வைத்து, நூல் கொடுத்து, நெய்த துணியை வாங்கி விற்று, அவர்கள் கையில் காசு புழங்கச் செய்தார். சிகாகோவிலிருந்து எட்வர்டு வொர்ஸ்ட் என்னும் நெசவு வல்லுநர் வந்து கற்பிக்க, 1929இல் அது கைவினைப் பள்ளியாயிற்று. இன்றும் நடைபெற்று வருகிறது.

இதன் கதையை லூசி மார்கனே சொல்ல, லெகெட் பிளைத் என்ற எழுத்தாளர் துணைநின்று எழுதிய நூல் 1958இல் வெளிவந்தது. பெயர், ‘மலைகள் தந்த கொடை’. படிக்க இனிய நூல். பணமில்லாத நாளில் தறி வாங்கியதும், சிகாகோ உலகப் பொருட்காட்சிக்குச் சரக்கைக் கொண்டுபோனதும் சுவை குன்றாமல் சொல்லப்படுகின்றன. ஆனால் நூல் முழுதும் ஒலிப்பது ஒரே குரல். நெய்த பெண்கள் அதில் வருகிறார்கள். நன்றி நிறைந்த முகத்தோடு வருகிறார்கள். நிறுவனர் சொல்லும் நிகழ்ச்சிகளில் பாத்திரங்களாக வந்து போகிறார்கள். பிள்ளையைத் தொட்டிலில் இட்டுவிட்டுத் தறியில் அமர்ந்தவள் அந்நாளின் வேலையை என்னவென்று நினைத்தாள்? கலை என்றா, கூலி என்றா? அவள் வாயால் நாம் அதைக் கேட்பதில்லை. நிறுவனரின் உள்ளத்தூய்மையில் எமக்கு ஐயமில்லை. தாம் நட்ட மரத்தைப் பற்றிப் பேசுகையில் எவரும் நிழலைப் பற்றியே பேசுவர். 2003இல் பிலிஸ் ஆல்விக், தாமே நெசவு செய்பவர், அம்மலைப்பகுதியின் நெசவு நிலையங்களைப் பற்றி நூலெழுதிய பொழுதுதான் நெய்தவர் பக்கத்துக் கணக்கும் ஒருவாறு கண்ணுக்குப் புலனாயிற்று. இடையே எண்பதாண்டுகள் கழிந்துவிட்டன. முதல் தலைமுறை நெசவுப் பெண்கள் பலரைக் கேட்க அப்போது வழியில்லை.

இரண்டாவது பிளாக் மவுண்டன் கல்லூரி. இதனைக் கைவினைப் பள்ளி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆயினும் கையால் செய்து கற்பதே அதன் உயிர்நிலை. புளோரிடாவில் ரோலின்ஸ் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட ஜான் ஆண்ட்ரூ ரைஸ் தம் கூட்டாளிகளுடன் 1933இல் அதைத் தொடங்கினார். ஜெர்மனியில் நாஜிகளின் நெருக்குதலால் பௌஹௌஸ் பள்ளி மூடப்பட்டதும் அதே ஆண்டில்தான். அங்கிருந்து ஜோசப் ஆல்பர்ஸும் மனைவி ஆனி ஆல்பர்ஸும் இங்கு வந்து சேர்ந்தனர். கணவர் வரைகலை கற்பித்தார். மனைவி தறிக்கூடத்தை நிறுவி, 1949 வரை நெசவு பயிற்றினார். 1941இல் கல்லூரி ஈடன் ஏரிக்கரைக்கு இடம்பெயர்ந்தபோது, அங்கிருந்த பெரிய கட்டடத்தை மாணவரும் ஆசிரியருமே சேர்ந்து எழுப்பினர். 1957இல் கல்லூரி மூடப்பட்டது. இருபத்துநான்கு ஆண்டுகளில் அங்குப் பயின்றோர் சுமார் 1,200 பேர். பட்டம் பெற்றுச் சென்றோர் மிகச் சிலரே.

மூடிய பள்ளிக்குத் தன் புகழைக் காக்கும் நிருவாகம் இல்லை. அதனாலோ என்னவோ, அதன் வரலாறு பல வாய்களின் வழியே வந்தது. மார்ட்டின் டூபர்மன் 1972இல் வெளியிட்ட பெருநூல் இவற்றுள் தலையாயது. பழைய ஆசிரியரையும் மாணவரையும் தேடிப் பேட்டி கண்டு, கடிதங்களையும் கூட்டக் குறிப்புகளையும் உடன் வைத்து எழுதியிருக்கிறார். இந்நூலின் பெருமை எங்கே விளங்குகிறது என்றால், 1952ஆம் ஆண்டுக் கோடையில் உணவுக்கூடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுமிடத்தில். இசையறிஞர் ஜான் கேஜ் ஏணிமீதேறிப் பேச, ஒருவர் கவிதை படிக்க, ஒருவர் பியானோ வாசிக்க, மற்றொருவர் ஆட, எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தேறிய நிகழ்ச்சி அது. பின்னாளில் உலகப்புகழ் பெற்றது. அன்று அங்கிருந்தோர் சொன்னவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கேஜ் எதைப் படித்தார், எவர் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நடந்தது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. அன்றே மாணவி ஒருவர் எழுதிவைத்த நாட்குறிப்பும் இவற்றுக்கிடையே இடம்பெறுகிறது. டூபர்மன் இவற்றைக் கலந்து கடைந்து ஒரு கதையாக்கித் தரவில்லை. முரண்பாடுகளை முரண்பாடுகளாகவே அச்சிட்டார்.

இதைக் குறைபாடு என்று கருதுவோர் இருக்கலாம். எமக்கு அதுவே நூலின் நாணயம் என்று தோன்றுகிறது. ஐவர் சொல்வது ஐந்து விதமாயிருந்தால், அதில் ஏதோ ஒன்று நடந்தது என்பதும், அது ஐவர் உள்ளத்திலும் ஆழப் பதிந்தது என்பதும் உறுதிப்படுகின்றன. ஐவரும் ஒரே சொல்லைச் சொல்வார்களாயின், அவர்கள் அதற்கு முன் கூடிப் பேசிக்கொண்டார்கள் என்றே ஐயுற வேண்டும். பழைய மாணவர் சந்திப்புகளில் நேர்வது பெரும்பாலும் இதுதான். ஒருவர் தொடங்க, மற்றவர் முடிக்க, நாளடைவில் அனைவர்க்கும் பொதுவான நினைவு ஒன்று திரண்டு, தனித்தனி நினைவுகளை விழுங்கிவிடுகிறது. அந்தப் பொது நினைவும் மதிப்புடையதே. ஆனால் பேட்டி எடுப்பவர், ஒன்றுகூடுமுன் ஒவ்வொருவரையும் தனியே கண்டுவிடுவது நலம்.

டூபர்மன் தம்மையும் நூலுக்குள் நுழைத்துக்கொண்டதை அந்நாளைய வரலாற்றாசிரியர் பலர் விரும்பவில்லை. தம் நாட்குறிப்பை இடையிடையே தருகிறார். அதனினும் மேலாக, 1930களில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றின் குறிப்பிலே தாமும் ஓர் உறுப்பினராக அமர்ந்து, தம் பெயரில் கருத்துரைக்கிறார்! கேட்பவரின் உள்ளம் கேள்வியில் கலந்தே தீரும் என்பதை மறைக்காமல் காட்டியமைக்கு அவரைப் பாராட்டலாம். எனினும், இறந்தோர் பேசிய அவையில் இருப்பவர் புகுந்து பேசுவது மிகை. பேட்டியாளர் எங்கிருந்து கேட்டார் என்று ஒரு முறை சொன்னால் போதும். பக்கத்துக்குப் பக்கம் நினைவூட்ட வேண்டுவதில்லை.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. இந்நூலில் கருத்துப் பூசல்கள் விரிவாக இருக்கின்றன. தறிக்கூடத்துக்குக் கிடைத்த இடம் சிறிது. பேசத் தெரிந்தோரின் நினைவு பேசத் தெரியாதோரின் நினைவை மூடிவிடுவது வாய்மொழி வரலாற்றின் தீராத நோய். கவிஞர்க்கும் இசைவாணர்க்கும் சொல் எளிதில் வருகிறது. நெய்பவரும் மண் பிசைபவரும், ‘இப்படித்தான் செய்வோம்’ என்று கையை அசைத்துக் காட்டுவார்கள். ஒலிநாடா அந்த அசைவைப் பதியாது. 1952ஆம் ஆண்டு அக்டோபரில் பெர்னார்டு லீச்சும், ஜப்பானிலிருந்து ஷோஜி ஹமதாவும், சோயெத்சு யனாகியும் அங்கு வந்து மட்பாண்டப் பயிலரங்கு நடத்தினர். கைவினை உலகில் அது பெரு நிகழ்ச்சி. ஆயினும் கோடையில் நடந்த ஏணி நிகழ்ச்சிக்கு இன்று கிடைத்துள்ள பேச்சில் பத்தில் ஒரு பங்கும் அதற்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இக்குறையைப் பின்வந்தோர் ஓரளவு நிறைத்தனர். மேரி எம்மா ஹாரிஸ் நெடுங்காலம் பேட்டிகள் திரட்டி 1987இல் வெளியிட்ட நூலில் நெசவும் மரவேலையும் மட்பாண்டமும் உரிய இடம் பெற்றன. அக்கல்லூரியின் பழைய மாணவரான மெர்வின் லேன், தம்மோடு பயின்றோரும் பிறரும் எழுதிய நினைவுக் குறிப்புகளை 1990இல் தொகுத்தார். புகழ்பெறாத பலர் அதில் பேசுகின்றனர். ஒழுங்கற்ற தொகுப்புதான், சில குறிப்புகள் அரைப்பக்கத்தோடு நிற்கின்றன. எனினும் கல்லூரி வாழ்க்கையின் வாடை அதில் வீசுவது போல் வேறெதிலும் வீசவில்லை.

கைவினைஞர் தாமே பேசினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ரூத் அசாவா ஒரு சான்று. ஜப்பானிய வழித்தோன்றல் என்ற காரணத்தால் போர்க்காலத்தில் முகாமில் அடைக்கப்பட்டவர். அதே காரணத்தால் ஆசிரியப் பயிற்சியை முடிக்க இயலாமற் போகவே, 1946இல் இக்கல்லூரிக்கு வந்தார். 1947இல் மெக்சிகோவின் தொலூக்கா நகரில் கம்பியால் கூடை பின்னுவோரிடம் அப்பின்னலைக் கற்றார். பிற்காலத்தில் அவரை உயர்த்திய சிற்பங்கள் பல அப்பின்னலில் விளைந்தவை. 2002இல் காப்பகத்தார் அவரையும் கணவரையும் சேர்த்தே பேட்டி கண்டு பதிந்தனர். அதே கல்லூரியில் சந்தித்து மணந்த இருவர் ஆதலால், ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக் கொடுக்கும் வாய்ப்பு அங்கிருந்தது. அவர் 2013இல் மறைந்தார். பதினொரு ஆண்டுகள் காலந்தாழ்த்தியிருந்தால் அப்பேட்டியும் இல்லை.

இன்னும் கேட்கப்படாதோர் உண்டு. அறுபது எழுபது பேர்க்கு நாள்தோறும் உணவு சமைத்த கறுப்பினப் பணியாளர், பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வேலைக்கு வந்த மலைவாழ் மக்கள், இவர்களைப் பற்றி மாணவர் சொன்னவை கிடைக்கின்றன. இவர்கள் மாணவரைப் பற்றிச் சொன்னவை அரிது. 1944இல் நிறவேற்றுமைச் சட்டங்கள் கடுமையாயிருந்த தென்மாநிலத்தில், ஆல்மா ஸ்டோன் வில்லியம்ஸ் என்னும் கறுப்பின இசைப் பெண்மணியைக் கோடைப் பயிற்சிக்குச் சேர்ப்பதா என்று ஆசிரியர் அவை நீண்டு வாதிட்டது. முடிவில் சேர்த்தனர். அவ்வாதம் நடந்த நாளில் சமையற்கூடத்தில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்?

கல்லூரி மூடிய ஆண்டில் பதினெட்டு வயதினராய் இருந்தோர்க்கு இன்று எண்பத்தைந்துக்கு மேலாகிறது. பேட்டிக் கருவியோடு அவர்கள் வீட்டுக்குச் செல்வோர், ஏணிமீது நின்றவர் யார் என்று இனியும் கேட்க வேண்டுவதில்லை. அறுந்த பாவிழையை முடிய உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார், எந்தத் தறியில், பக்கத்தில் யார் அமர்ந்திருந்தார் என்று கேட்கலாம். கையருகே கொஞ்சம் நூலையும் வைத்துவிடலாம்.