செய்கூலியும் சேதாரமும்

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருவில் வெள்ளிக் கொலுசு வேலை நடக்காத வீடு குறைவு. மத்தியானச் சமையல் முடிந்ததும் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோப்பார்கள். எடைக்குக் கூலி. கூலி குறைந்தால் பட்டறைக்காரரை நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். “நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிம்மா” என்று அவர் சொன்னால், “மாதிரிதானுங்களே, கூலியச் சரியாக் குடுங்க” என்று பதில் வரும்.

இந்தப் பதிலைச் சொல்ல முடியாத பெண்களைத்தான் நான் வகுப்பறையிலிருந்து வேலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்பது தாமதமாகத்தான் எனக்குப் புரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கல்லூரியில் வருகைப் பதிவு, அகமதிப்பீட்டு மதிப்பெண், தேர்வுக் கட்டணம் எல்லாம் ஒரு மென்பொருளுக்குள் போயின. பருவத்தின் கடைசி நாள் இரவு 9 மணிக்கு, 64 மாணவிகளின் மதிப்பெண்ணை ஏற்றி முடித்த நேரத்தில் திரை அப்படியே நின்றுவிட்டது. உதவி எண்ணை அழைத்தேன். எடுத்த பெண்ணிடம் கத்தினேன். “காசு வாங்கிக்கிட்டு என்னதான் வேலை பாக்கறீங்க?” என்று கேட்டது நினைவிருக்கிறது. அவள் “சரிங்க மேம், இப்பப் பாருங்க மேம்” என்று சொல்லிச் சொல்லி, போன மதிப்பெண்களை மீட்டுக் கொடுத்தாள். வைக்கும் முன் “அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க மேம்” என்றாள். நான் போடவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு பழைய மாணவி வீட்டுக்கு வந்தாள். கணினி அறிவியல் படித்தவள், என்னிடம் பகுதி ஒன்று தமிழ். வேறு வேலைக்கு விண்ணப்பிக்கப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றாள். பேச்சுவாக்கில், “அன்னிக்கு ராத்திரி நான்தான் மேம் பேசுனேன். குரல் கேட்டதுமே தெரிஞ்சுது. சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்” என்றாள்.

அவள் சொன்னதை எழுதலாமா என்று கேட்டேன். தன் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம் என்றாள்.

கல்லூரிகளுக்கு மென்பொருள் விற்கும் நிறுவனம் அது. நிரல் எழுதும் குழுவில் பெரும்பாலும் ஆண்கள், தொலைபேசி எடுக்கும் குழுவில் ஏறக்குறைய எல்லாரும் பெண்கள். இவள் பொறுப்பில் முப்பது கல்லூரிகள். நாக் குழு வரும் நாள்களில் கல்லூரிகளுக்கு நேரில் போய், முதல்வர் அறையில் நள்ளிரவு வரை அறிக்கை எடுத்துக் கொடுக்க வேண்டும். பிழை எங்கே என்று தரவுத்தளத்துக்குள் போய்ப் பார்க்க அவளுக்குத் தெரியும். எந்த வரியில் தவறு என்று எழுதியே அனுப்புவாள். திருத்தம் வெளியாகும்போது நிரல் குழுவின் பெயர் இருக்கும். நிரல் குழுவுக்கு மாற்றிக் கேட்டபோது மேலாளர், “உனக்குப் பொறுமை ஜாஸ்திம்மா, இந்த சீட்டுக்கு நீதான் சரி” என்றாராம். சம்பள உயர்வு கேட்டபோது, “நாம எல்லாம் ஒரே குடும்பம்.”

விலகும் நாளில் ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். ‘இங்கே உங்களுக்குப் பிடித்தது?’ என்ற கேள்விக்கு ‘நண்பர்கள்’ என்று எழுதினாள். ‘மேம்படுத்த வேண்டியவை?’ என்பதற்கு ஒன்றும் எழுதவில்லை. அனுபவச் சான்றிதழ் கைக்கு வர வேண்டுமே.

இலக்கியம் கற்பிக்கிறவளுக்கு அந்த வெற்றுக் கட்டம் ஒரு பிரதி. அதற்கு இரு பக்கமும் இரண்டு சொற்கள் நிற்கின்றன: பொறுமை, குடும்பம். இரண்டும் நம் வீட்டுக்குள்ளிருந்து எடுத்துப்போன சொற்கள். பொறுமை என்பது அவள் கற்ற திறனாக மதிக்கப்படவில்லை, பிறவிக்குணமாக எழுதப்படுகிறது. திறன் என்றால் விலை சொல்ல வேண்டும். குணம் என்றால் பாராட்டினால் போதும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983இல் வெளிவந்த ‘தி மேனேஜ்டு ஹார்ட்’ நூலில் விமானப் பணிப்பெண்களின் புன்னகையை உழைப்பு என்று வகைப்படுத்திக் காட்டினார். ‘உணர்வு உழைப்பு’ என்று நாம் வகுப்பில் சொல்லும் கருத்து அங்கிருந்து வந்தது. என் கத்தலை இவள் வாங்கிக்கொண்ட நேரமும் அந்தக் கணக்கில் வர வேண்டியதுதான்.

‘குடும்பம்’ என்ற சொல்லுக்கு எல்லாரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கல்வி மென்பொருளால் பெரிதாக வளர்ந்த பைஜூஸ் நிறுவனம் 2022 அக்டோபரில் சுமார் 2,500 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. அந்த மாத இறுதியில் நிறுவனர் பைஜூ ரவீந்திரன் ஊழியர்களுக்கு எழுதிய மின்னஞ்சல் செய்தித்தாள்களில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தார். நீங்கள் என் நிறுவனத்தின் ஐந்து சதவீதம் மட்டுமல்ல, என்னுடைய ஐந்து சதவீதம் என்ற பொருளில் உருகியிருந்தார். இதை நான் வகுப்பில் வாசிக்கக் கொடுப்பதுண்டு. வலிப்பது யாருக்கு என்று மாணவிகளிடம் கேட்பேன். அந்த வாக்கியத்தில் வேலை இழந்தவர் உறுப்பாகிவிடுகிறார். உறுப்பை இழந்த உடல் எழுதுகிறவருடையது. துயரத்தின் எழுவாயும் அவரே. வீட்டுக்குப் போகிறவர், தன் துயரத்துக்குக்கூடச் சொந்தக்காரர் இல்லை.

அதே சமயத்தில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இருந்த அந்நிறுவனத்தின் ஊழியர்கள், பணிவிலகச் சொல்லி அழுத்தம் தரப்படுவதாகக் கேரளத் தொழிலாளர் துறை அமைச்சரிடம் முறையிட்டார்கள். அரசு தலையிட்டது. அந்த அலுவலகத்தை மூடும் முடிவை நிறுவனம் கைவிட்டது. கடிதத்தின் கண்ணீர் செய்யாததை முறையீடு செய்தது. அங்கே அவர்கள் குடும்பத்தினராகப் பேசவில்லை, தொழிலாளர்களாகப் பேசினார்கள்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு, அதைத் தொடங்கியவர் ஒரு பெண். 2015 ஜனவரியில் டிசிஎஸ் நிறுவனம் நீக்கிய ஒரு கர்ப்பிணி ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி தானும் ஒரு தொழிலாளி என்பது அவர் வாதம். நீதிமன்றம் நீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் நீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று 2016இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. கணினிக்கு முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் ‘தொழிலாளி’ என்ற சொல் பொருந்தும் என்பதை ஊர் அறியப் பேசவைத்த வழக்கு அது. என் மாணவிக்கு அதைப் பற்றித் தெரியாது. நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

நம் கலை இலக்கியம் சொல்லிக் கொடுத்ததா? ராம் இயக்கிய ‘கற்றது தமிழ்’ 2007இல் வந்தபோது தமிழ்த்துறைகள் அதைத் தம் படமாகவே கொண்டாடின. தமிழ் முதுகலை படித்தவனின் வறுமை எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் படத்தின் கோபம் எங்கே போய் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மார்பில் ‘துணிவிருந்தால் தொடு’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் அச்சிட்ட பனியன் போட்ட பெண்ணை நாயகன் சீண்டுகிறான். புதிய பொருளாதாரத்தின் மீதான கணக்கு அவள் உடலில் தீர்க்கப்படுகிறது. அவள் என்ன வேலை பார்க்கிறாள், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்று படம் கேட்கவில்லை. இரா. முருகனின் ‘மூன்று விரல்’ மென்பொருள் அலுவலகத்தைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்த முக்கியமான படைப்பு, ஆனால் அதன் மையம் ஓர் ஆண். விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’ அந்தச் சாலைக்காக நிலம் இழந்தவர்களைப் பேசியதற்காக நான் மதிக்கும் நாவல். இரண்டிலும் நான் தேடி ஏமாந்தது, தொலைபேசி எடுக்கும் பெண்ணின் ஒரு முழு வேலைநாளை.

நம்மிடம் முன்மாதிரி இல்லாமல் இல்லை. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடையே போய் அறிந்துவந்துதான் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். உப்பு கண்ணையும் காலையும் என்ன செய்கிறது என்று அதில் இருக்கிறது. அம்பை ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யில் அடுப்படியின் புழுக்கத்தையும் அதிகாரத்தையும் இடமாகவே காட்டினார். காதுக் கருவி அழுத்திய வலியையும், அழைப்பு துண்டாகாமல் கழிப்பறைக்குப் போக முடியாத நேரத்தையும், மாதவிலக்கு நாளில் வந்த எட்டாவது வசவையும் இதேபோல் எழுத ஒரு பெண் வர வேண்டும். விலகல் படிவத்தின் வெற்றுக் கட்டத்தில் அந்த நாவலின் முதல் பக்கம் இருக்கிறது.

கல்லூரியில் இருக்கும் நாமும் இதற்கு வெளியே இல்லை. அந்த மென்பொருளை நிரப்புகிறவர்கள் யார்? பெரும்பாலும் எங்கள் துறையின் இளம் பெண் விரிவுரையாளர்கள், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். நாக் கோப்புக்காக ஞாயிற்றுக்கிழமையும் வருவார்கள். “நம்ம கல்லூரி, நம்ம குடும்பம்” என்று கூட்டத்தில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அன்று இரவு அந்தத் திரையின் இருபுறமும் சோர்ந்து போன இரண்டு பெண்கள் இருந்தோம். எங்களுக்குள் ஐந்து நட்சத்திரத்தை வைத்துவிட்டு நிர்வாகங்கள் இரண்டும் தூங்கப் போய்விட்டன. நான் போடாமல் விட்ட அந்த நட்சத்திரங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் பெயருக்கு எதிரே பேசப்பட்டதாக அவளே சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் வெள்ளித் தொழிலில் செய்கூலிக்குப் பக்கத்திலேயே சேதாரம் என்று ஒரு கணக்கு உண்டு. வேலையில் உதிர்ந்து போகிற வெள்ளிக்கும் விலை வைக்கிறார்கள். என் மாணவியின் சம்பளச் சீட்டில் அப்படி ஒரு வரி இல்லை. நான்கு ஆண்டுத் தூக்கம், விட்டுப்போன தேர்வுகள், நிரல் எழுதுகிறவளாக ஆகியிருக்க வேண்டிய காலம் ஆகியவற்றை எந்தத் தராசிலும் வைக்கவில்லை. குடும்பத்தில் சேதாரம் கேட்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தச் சொல்லே பயன்படுகிறது.

பரிந்துரைக் கடிதத்தை அன்றே எழுதினேன். கைப்பழக்கத்தில் ‘மிகவும் பொறுமையானவர்’ என்று வந்துவிட்டது. அடித்தேன். ‘பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாசித்துப் பார்த்துவிட்டு, “இதை யாரும் எனக்கு எழுதிக் குடுத்ததில்ல மேம்” என்றாள்.