கண்ணகியின் கனவும் பிராய்டின் நெறியும்

கொங்குநாட்டு நிரம்பையூரினர் என மரபு கூறும் அடியார்க்குநல்லார் உரையொடு நாம் பயிலும் சிலப்பதிகாரப் பகுதிகளுள் கனாத்திறமுரைத்த காதையும் ஒன்று. கனவு பற்றியதாகலின், அதனை உளப்பகுப்பாய்வு நெறியால் விளக்க மாணாக்கர் விழைதல் இயல்பே. அந்நெறி அதன்கண் எத்துணைச் செல்லும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

வியன்னா மருத்துவர் சிக்மண்டு பிராய்டின் ‘கனவுகளின் விளக்கம்’ 1899 நவம்பரில், 1900 என்னும் ஆண்டுக் குறிப்போடு வெளிவந்தது. நனவினின்று ஒடுக்கப்பட்ட விழைவொன்று மாறுவேடம் பூண்டு நிறைவேறுதலே கனவு என்பது அந்நூற்கொள்கை. தோன்றும் காட்சி வேறு. உள்ளுறையும் எண்ணம் வேறு. பல எண்ணங்கள் ஒரு காட்சியாய்ச் செறிதலும், ஒருவர்மேல் எழுந்த உணர்ச்சி பிறிதொருவர்மேற் பெயர்தலும் அம்மாறுவேடத்தின் வழிகளாம். நம் மரபு கனவை வருவதுணர்த்தும் நிமித்தமாகக் கொண்டது. பிராய்டோ சென்றதன் சுவடாகக் கொண்டார்.

கணவன் தன் கைப்பற்றிச் செல்ல, இருவரும் ஒரு பேரூர் புக்கதாகக் கண்ணகி தேவந்திக்கு உரைக்கின்றாள். ஊரார் இட்ட பழி, கோவலன் உற்ற தீங்கு, அரசன்முன் தான் வழக்குரைத்தல், அரசனும் ஊரும் உற்ற கேடு என்பன தொடர்கின்றன. பின்னர்த் தான் கணவனொடு எய்திய நற்பேற்றைக் கேட்பின் நகை விளையும் என்கின்றாள். நிமித்தமென்று மட்டும் படிப்போர் இடைப்பட்ட தீங்கையே காண்பர். தொடக்கத்தில் நிற்பது கைப்பற்றல். முடிவில் நிற்பது கூடுதல். பிரிவுற்ற மனைவியின் விழைவு ஈண்டு மாறுவேடமின்றியே கிடக்கின்றது. (சிறார் கனவுகள் பல இத்தகையன என்பர் பிராய்டு.) இதனைக் காணச் செய்தது அவர் நெறியின் உதவி என்க.

இனி, அரசன்மேற் செல்லும் சினம் கோவலன்மேல் எழுந்து இடம் பெயர்ந்ததே என ஒருவர் கூறலாம். கருத்து அழகியது, சான்று இல்லை. பிராய்டு குறியீட்டு அகராதியைப் புரட்டிப் பொருள் கண்டவர் அல்லர். கனவின் ஒவ்வொரு கூற்றையும் பற்றி, அது கண்டவர் நெஞ்சில் எழுவனவற்றைத் தடையின்றிச் சொல்லக் கேட்டே பொருள் கண்டார். கண்ணகியை யாம் வினவுதல் யாங்ஙனம்? புனைகதைக் கனவுகளையும் அவர் ஆராய்ந்தாரன்றோ எனின், ஆராய்ந்தார். 1907இல் யென்செனின் ‘கிராதிவா’வை எடுத்துக்கொண்டார். ஆண்டு மறக்கப்பட்ட இளமை நட்பைக் கதையாசிரியரே கதையுள் தருகின்றார். இளங்கோவடிகள் கண்ணகியின் இளமையை அங்ஙனம் தந்திலர்.

நூலுள் நிற்கும் சான்று வேறோரிடத்து உளது. கணவனை அடைதற்குச் சோமகுண்டம், சூரியகுண்டம் மூழ்கிக் காமவேளைத் தொழுமாறு தேவந்தி கூற, அது பெருமையன்று எனக் கண்ணகி மறுக்கின்றாள். கனவில் வெளிப்பட்ட விழைவை நனவில் வேண்டிப் பெற அவள் இசைந்திலள். இது பிராய்டு கூறும் ஒடுக்கம் அன்று. அறிந்தே மேற்கொண்ட அடக்கம். அவள் மறுத்த அளவில், கோவலன் வாயிலில் வந்துள்ளான் என ஏவற்சிறுமி அறிவிக்கின்றாள்.